நூல் காட்டிய வழி



இரண்டு ஊர்களுக்கு இடையே ஆகாய விமானம் பறக்க வேண்டிய தூரம் எவ்வளவு, அதற்கு ஆகும் நேரம் எவ்வளவு என்பன எளிய கேள்விகளாகத் தோன்றும். அவற்றில் நானே ஒருமுறை தவறினேன். அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நான் கணித ஆசிரியனாகச் சேர்ந்த புதிது. பூகோள ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் அவர் வகுப்பை ஒரு நாள் நான் எடுக்க நேர்ந்தது. நார்வேயின் வடபகுதியில் ட்ரோம்சோ என்ற ஊரும், அலாஸ்காவின் உட்பகுதியில் ஃபேர்பாங்க்ஸ் என்ற ஊரும் உள்ளன. இரண்டிலும் விமான நிலையங்கள் உண்டு. இவற்றின் இடைத்தூரம் என்ன என்று வினவிவிட்டு, சுவரில் தொங்கிய தேசப்படத்தின் மீது அளவுகோலை வைத்தேன். படத்தின் அடியில் கண்ட அளவையால் பெருக்கினேன். 18,000 கிலோமீட்டருக்கும் மேல் வந்தது.

அப்போது ஒரு மாணவன் எழுந்தான். மேசைமேல் இருந்த பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்து அளந்திருந்தான். "ஐயா, எனக்கு 5,000தான் வருகிறது" என்றான். "நூலை நம்பாதே, கணக்கை நம்பு" என்று கூறி அவனை உட்கார வைத்துவிட்டேன்.

அன்றிரவு மனம் உறுத்தியது. கோளத்திற்குரிய திரிகோணக் கணித முறைப்படி கணக்கிட்டேன். இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 45 பாகை வந்தது. அது முழு வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே தூரம் 5,000! பையனின் நூல் பொய் சொல்லவில்லை, பிழை என்னுடையதே.

காரணம் யாது? துருவத்தில் ஒன்றுகூடும் தீர்க்கரேகைகளை மெர்காட்டர் முறைத் தேசப்படம் இணைகோடுகளாக வரைகிறது. வடக்கே செல்லச் செல்ல நிலமும் கடலும் நீட்டப்படுகின்றன. அடியில் கண்ட அளவையோ பூமத்திய ரேகைக்கு உரியது. உருண்டையின் மீது மிகக் குறுகிய வழி 'பெருவட்டம்' எனப்படும். இவ்விரு ஊர்களையும் இணைக்கும் பெருவட்டம், வட துருவத்திற்குச் சுமார் 300 கிலோமீட்டர் அருகே செல்கிறது. 1926 மே மாதத்தில் அமுண்ட்சன் குழுவினர் 'நோர்கே' என்னும் ஆகாயக் கப்பலில் ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து புறப்பட்டு, துருவத்தைக் கடந்து, அலாஸ்காவில் இறங்கினர். அவர்களுக்கு மூன்று நாட்கள் ஆயின.

இன்று மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் நேரே பறப்பதாகக் கொள்வோம். ஆறேகால் மணி நேரம் ஆகும். ஏறவும் இறங்கவும் அரைமணி சேர்த்தால் ஆறேமுக்கால். எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், பறக்கும் நேரம் மேலும் ஏறக்குறைய ஒரு மணி கூடும்.

கடிகாரமும் நம்மை ஏமாற்றும். ஜனவரியில் ட்ரோம்சோவில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டால், ஃபேர்பாங்க்ஸில் இறங்கும்போது அங்கே அதே நாள் காலை 8.45தான்! அவ்வூர்க் கடிகாரம் 10 மணி நேரம் பின்தங்கியது. புறப்படுவதற்கு முன்பே சேர்ந்துவிட்டோமோ என்று மயங்கத் தோன்றும்.

மறுநாள் அந்த வகுப்பிற்கு மீண்டும் சென்றேன். எல்லோர் முன்னிலையிலும் என் பிழையை ஒப்புக்கொண்டேன். சுண்ணக்கட்டியை அந்த மாணவன் கையில் கொடுத்து, கரும்பலகையில் அவனையே விளக்கச் செய்தேன். முதலில் அவன் கை நடுங்கியது. பிறகு கணீரென்று பேசினான். நான் பின்வரிசையில் அமர்ந்து கேட்டேன்.

உங்கள் பள்ளியிலும் பூகோள உருண்டை ஒன்று இருக்கும். ஒரு முழ நூல் எடுத்துச் செல்லுங்கள். நீங்களே அளந்து பாருங்கள். உங்கள் விடை ஆசிரியரின் விடையோடு மாறுபட்டால், பணிவோடு எழுந்து சொல்லுங்கள்.