ஒரே தாளத்தில் 20 துடுப்புகள்

போட்டி வந்தால் நட்பு கெடும் என்பார்கள். டிராகன் படகுப் போட்டியில் கதை வேறு. 20 பேர் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து துடுப்புப் போட, முன்னால் ஒருவர் முரசடிப்பார். பின்னால் ஒருவர் திசை பார்ப்பார். தனி ஆவர்த்தனத்துக்கு இங்கே இடமில்லை. பலசாலி ஒருவர் முந்திரிக்கொட்டையாக அரை நொடி முந்தினாலும், அவர் துடுப்பு முன்னால் இருப்பவரின் துடுப்பில் இடிக்கும், படகு தடுமாறும். ஒத்துப்போனால்தான் வேகம். அந்த ஒத்திசைவே மகிழ்ச்சி தரும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் துடுப்பு வீரர்களைப் பயிற்சிக் கருவியில் தனியாகவும் கூட்டாகவும் இயங்கவைத்தார்கள். உழைப்பு ஒன்றுதான், ஆனால் கூட்டாகச் செய்தபோது வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது. வலியைக் குறைத்து மகிழ்ச்சி தரும் எண்டார்ஃபின் அதிகம் சுரந்ததன் அடையாளம் அது என்று கருதினார்கள்.

இதெல்லாம் உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்குத்தானே என்று கேட்கலாம். 1996இல் கனடாவின் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கென்சி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களுக்கு டிராகன் படகுப் பயிற்சி கொடுத்தார். இவர்களைப் போன்றவர்கள் கைக்கு அதிக வேலை கொடுத்தால் வீக்கம் வரும் என்று மருத்துவர்கள் அஞ்சிய காலம் அது. அந்த 24 பேரில் ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட அணிகள் இருக்கின்றன. பக்கத்துப் படகை முந்த வேண்டுமென்றால், பக்கத்தில் இருப்பவரோடு முதலில் ஒத்துப்போக வேண்டும். வீட்டுக்கும் இது பொருந்தும்தானே?