பிள்ளைக்கு ஒரு பெரியவர்

(திருமலைராயன்பட்டினத்தில் கூடிய ஆதரவாளர்களுக்கு மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்த மாலையில் பிள்ளைகளின் மனதைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறோம். உடம்பில் காயம் பட்டால் கட்டுப் போடுகிறோம். மனதில் பட்ட காயம் வெளியே தெரிவதில்லை. ஆகவே காயமே இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை. நம் பட்டினச்சேரியும் காரைக்கால் கரையோரக் குப்பங்களும் கண்டதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தெற்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வீட்டுக்கும் படகுக்கும் வலைக்கும் உதவி வந்தது. பிள்ளைகளைப் பார்த்தவர்களோ, "சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்" என்றார்கள்.

மறந்ததா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மனநல மருத்துவர் பால் ரஸ்ஸலும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டுக் கடலோரக் கிராமங்களில் பிள்ளைகளையும் வளரிளம் பருவத்தினரையும் ஆராய்ந்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்க மாதங்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பேரதிர்ச்சியின் பாதிப்பு இருந்தது. நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோருக்கு அது தாமதித்துத் தலைகாட்டியது. பெண்பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். உயிரையோ உடைமையையோ இழந்த வீட்டு வளரிளம் பருவத்தினருக்கு வேதனை கடுமையாயிருந்தது.

சிறு பிள்ளை இரவில் அலறி எழும், படுக்கையை நனைக்கும், தாயின் சேலையை விடாது. பதினான்கு வயதுப் பையனோ எரிந்து விழுவான், படிப்பில் பின்தங்குவான். முதலாவது பிள்ளையை மடியில் எடுக்கிறோம். இரண்டாமவனை அடங்காதவன் என்று அடிக்கிறோம். இரண்டும் ஒரே காயத்தின் குரல் என்பதை அறியாமற் போகிறோம்.

அப்படியானால் இப்பிள்ளைகளுக்கு நம்பிக்கை உண்டா? உண்டு. எம்மி வெர்னர் என்னும் உளவியல் ஆய்வாளர் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 பிள்ளைகளை, அவர்கள் நாற்பது வயதாகும்வரை தம் குழுவினரோடு தொடர்ந்து கவனித்தார். யுத்தகால ஜெர்மனியில் சிறுமியாயிருந்தவர் அவர். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் எனப் பல பாரங்களைச் சுமந்து வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் அன்பும் திறமையுமுள்ள மனிதராய் உருவானார்கள். காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று, ஏற்ற இறக்கமில்லாமல் அன்பு காட்டிய ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார் என்பதே. அவர் பாட்டியாயிருக்கலாம், ஆசிரியராயிருக்கலாம், அயல்வீட்டாராயிருக்கலாம். இளவயதில் தடுமாறிய பலரும் பெரியவர்களான பின் நிமிர்ந்தார்கள் என்றும் அவர் கண்டார்.

பிரியமானவர்களே, ஆழிப்பேரலையோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. 2018-இல் கஜா புயல் வந்தது. குடியோ புயலைப்போல எச்சரித்து வருவதில்லை; தினமும் மாலையில் வீட்டுக்குள் நுழைகிறது. அந்த வீட்டின் மூலையில் ஒரு பிள்ளை புத்தகத்தை விரித்தபடி நடுங்கிக்கொண்டிருக்கிறது.

அதை "பயந்த கோளாறு" என்று மந்திரிக்கக் கொண்டுபோவோரும் உண்டு. "விசுவாசக் குறைவு" என்று கடிந்துகொள்வோரும் உண்டு. சோர்ந்து சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவை நினைத்துப் பாருங்கள். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான். ஜெபமும் வேண்டும், வைத்தியமும் வேண்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது காணிக்கை மட்டுமல்ல. உங்கள் தெருவில் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அறிந்துகொள்ளுங்கள். அது பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால் படம் வரையவும் விளையாடவும் விடுங்கள். "அழாதே, மறந்துவிடு" என்று சொல்லாதிருங்கள். ஒரு மாதத்துக்குமேல் உறக்கமோ படிப்போ கெட்டிருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

ஒரு நாள் மிட்டாய் கொடுத்துவிட்டு மறுவருடம் வருவது இந்த ஊழியத்துக்குப் போதாது. வாரந்தோறும் அதே முகம் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பேரலையைக் கண்ட அன்றைய பிள்ளைகள் இன்று தாய் தகப்பன்மாராயிருக்கிறார்கள். அவர்கள் அன்று பெற்றதையோ பெறாததையோதான் இன்று தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.