ஓட்டல் பணிப்பெண்ணும் ஒன்பது நீதிபதிகளும்



உழைப்பவருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றலாமா, கூடாதா? இந்தக் கேள்வியை முடிவு செய்ய அமெரிக்க நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது. தீர்ப்புச் சொன்னவர்கள் மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் அல்லர். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள். அந்த வரலாற்றையே நாம் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்க அரசியல் சட்டம் 1787ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. சில பக்கங்களே கொண்ட சிறிய ஆவணம் அது. சட்டமன்றம் இயற்றும் ஒரு சட்டம் அதற்கு முரணானால் அதைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டென்று அதில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்தான் ஒரு வழக்கில் அவ்வாறு நிலைநாட்டினார். அவரை நியமித்தவர் அதிபர் ஜான் ஆடம்ஸ். 1801இல் பதவியை விட்டு இறங்கும் தறுவாயில் செய்த நியமனம் அது. ஆடம்ஸ் வீடு திரும்பிவிட்டார். மார்ஷலோ 1835இல் இறக்கும் வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். அதிபர் பெயர் சொல்வார், செனட் சபை இசைவளிக்கும். அதன்பின் நீதிபதியின் பதவி ஆயுளுக்கும் உரியது. ஆகவே, ஓர் அதிபரின் கை அவர் மறைந்த பின்னரும் சட்டத்தின் மீது படிந்திருக்கிறது.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல், பதினான்காம் திருத்தம் சேர்க்கப்பட்டது. முறையான சட்ட வழிமுறையின்றி எந்த மாநிலமும் ஒருவரின் உயிரையோ, சுதந்திரத்தையோ, உடைமையையோ பறிக்கக் கூடாது என்பது அதன் ஒரு பகுதி. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் உரிமையைக் காக்கவே அத்திருத்தம் எழுந்தது. ஆனால், அதிலுள்ள ‘சுதந்திரம்’ என்னும் ஒரு சொல் பின்னர் முதலாளிமாரின் கேடயமாயிற்று. அது எப்படி என்று பார்ப்போம்.

ரொட்டி சுடும் தொழிலாளர் நாளொன்றுக்கு 10 மணி நேரத்திற்கு மேலும், வாரத்தில் 60 மணி நேரத்திற்கு மேலும் வேலை செய்யக் கூடாதென்று நியூயார்க் மாநிலம் சட்டம் செய்திருந்தது. அதை மீறிய லாக்னர் என்னும் ரொட்டிக்கடை முதலாளிக்கு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1905ஆம் ஆண்டில், ஐவர் ஒரு பக்கமும் நால்வர் ஒரு பக்கமுமாக நின்று, அச்சட்டம் செல்லாது என்று தீர்த்தனர். எத்தனை மணி நேரம் உழைப்பது என்று ஒப்பந்தம் செய்துகொள்வது தொழிலாளியின் சுதந்திரமாம்! பசித்த வயிறு என்ன ஒப்பந்தம் பேசும் என்று அந்த ஐவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் நியமித்த நீதிபதி ஹோம்ஸ் தனியே ஒரு மறுப்பு எழுதினார். அரசியல் சட்டம் எந்த ஒரு பொருளாதாரக் கொள்கைக்கும் உரிமையானதன்று என்பது அவருடைய வாதம்.

பிள்ளைகளும் இதிலிருந்து தப்பவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளின் பொருள்களை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பக் கூடாது என்ற 1916ஆம் ஆண்டுச் சட்டத்தை, 1918இல் அதே நீதிமன்றம் வீழ்த்தியது. 1923இல் தலைநகர் வாஷிங்டனில் பெண்களுக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் விழுந்தது. அந்த வழக்கில் தலைமை நீதிபதி டாஃப்ட் பெண்களின் பக்கமே நின்றார். அவர் முன்னாள் அதிபர். அவ்விரு பதவிகளையும் வகித்தவர் அந்நாட்டு வரலாற்றில் அவர் ஒருவரே. ஆயினும் அவர் கட்சி தோற்றது.

இனி ஓட்டல் பணிப்பெண்ணிடம் வருவோம். மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் வெனாச்சி என்றோர் ஊர். அங்கே ஓர் ஓட்டலில் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்தவர் எல்சி பாரிஷ். மாநிலச் சட்டப்படி 48 மணி நேர வாரத்திற்கு அவருக்குச் சேர வேண்டியது 14 டாலர் 50 காசு. கொடுக்கப்பட்டதோ அதற்குக் குறைவு. வேலையை விட்டு நீங்கியபோது, பாக்கித் தொகை 216 டாலர் 19 காசு கேட்டுக் கணவரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார். அச்சட்டமே செல்லாது என்று ஓட்டல்காரர்கள் வாதாடினார்கள். முன்னைய தீர்ப்புகள் பல அவர்களுக்குச் சாதகமாக இருந்தன. 1936 ஜூனில்கூட, நியூயார்க்கின் சம்பளச் சட்டத்தை ஐந்துக்கு நான்கு என்று நீதிமன்றம் தள்ளியிருந்தது.

அப்போது அதிபர் ஃபிராங்கிளின் ரூஸ்வெல்ட். பெரும் பொருளாதார வீழ்ச்சியிலிருந்து நாட்டை மீட்க அவர் கொண்டுவந்த சட்டங்கள் பலவற்றை இந்நீதிமன்றம் முறித்தது. முதல் நான்காண்டுகளில் ஒரு நீதிபதியை நியமிக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. 1937 பிப்ரவரியில் அவர் ஒரு திட்டம் போட்டார். எழுபது வயது கடந்தும் விலகாத நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஈடாக ஒரு புதியவர். இப்படி ஆறு பேர் வரை சேர்க்கலாம். அவருடைய நோக்கம் நன்றே. ஆனால், வேண்டிய தீர்ப்புக்காக நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் அவ்வழியை நாம் மெச்ச முடியாது. அவருடைய கட்சியினரிலேயே பலர் எதிர்த்தனர். ஜூலை மாதம் செனட் சபையில் திட்டம் மடிந்தது.

அதற்குள், மார்ச் 29ஆம் நாள், எல்சி பாரிஷின் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. மீண்டும் ஐந்துக்கு நான்கு. ஆனால், இம்முறை ஐவர் பணிப்பெண்ணின் பக்கம்! முந்திய ஆண்டில் எதிர்ப்பக்கம் நின்ற நீதிபதி ராபர்ட்ஸ் இப்போது இடம் மாறியிருந்தார். அதிபரின் மிரட்டலுக்கு அஞ்சினார் என்று பேசினார்கள். எனினும், அத்திட்டம் வெளிவருமுன்னரே, டிசம்பரிலேயே, நீதிபதிகள் தமக்குள் வாக்களித்துவிட்டனர் என்பது பின்னர் தெரிய வந்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் பெற்ற பெரு வெற்றி அவர் மனத்தில் பட்டதோ என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் இன்றளவும் ஒன்றுபடவில்லை.

தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஹியூஸ். ஒப்பந்தச் சுதந்திரம் என்ற தொடர் அரசியல் சட்டத்தில் இல்லை என்றார். வாழப் போதாத சம்பளம் கொடுக்கும் முதலாளி, மீதிப் பாரத்தை ஊரார் தலையில் ஏற்றுகிறார் என்றும் விளக்கினார். பதினான்காம் திருத்தத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைப் படித்த கண்கள் மாறின.

அடுத்த ஆண்டு, மணிக்கு 25 காசு என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை நாடு முழுமைக்கும் வகுக்கும் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். குழந்தைத் தொழிலுக்கும் அது அணை போட்டது. 1941இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்று, 1918ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தள்ளி வைத்தது. அப்போது நீதிபதிகளில் பெரும்பாலோர் ரூஸ்வெல்ட் நியமித்தவர்களாக இருந்தார்கள்.

தோட்டத்தில் உழைக்கும் நமது வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்றை இங்குச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் சம்பள விதியில் நிலத்தில் பாடுபடும் தொழிலாளர் சேர்க்கப்படவில்லை. இது நீதிபதிகள் செய்ததன்று. சட்டம் இயற்றியவர்களே விட்டுவிட்டனர். தென் மாநிலங்களில் அத்தொழிலாளருள் மிகப் பலர் கறுப்பின மக்கள். 1966இல்தான் பெரிய பண்ணைகளில் உழைப்போருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் விரிவாக்கப்பட்டது. மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம் என்னும் கூட்டரசு விதியோ இன்றும் அவர்களைச் சென்று சேரவில்லை.