மிக்கியோடு ஒரு பசியாறல்



அமெரிக்காவின் புளோரிடாவில் 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வோர்ல்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஆண்டுக்கணக்கில் பணம் சேர்க்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. மிக்கி மவுசோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதே பிள்ளைகளின் ஆசை. உண்மையில் மிக்கி உட்காருவதில்லை. மேசை மேசையாக வந்து அணைத்துப் படம் எடுத்துக்கொள்வார். விலை அதற்குத்தான்.

இந்த விருந்தைப் பூங்காவுக்குள்தான் உண்ண வேண்டும் என்பதில்லை. கன்டெம்பரரி ஹோட்டலிலுள்ள 'செஃப் மிக்கீஸ்' உணவகத்துக்கு நுழைவுச்சீட்டே வேண்டாம். ஆகவே, பூங்காவுக்குப் போகாத ஓய்வு நாளில் அதை வைத்துக்கொள்வோம். பசியாறலைச் சற்றுத் தாமதமாக்கினால் மதிய உணவுச் செலவும் மிச்சம். 60 நாள்களுக்கு முன்பே இடம் பதியலாம். சொல்லாமல் போகாமலிருந்தால் தண்டம் உண்டு.

பூங்கா நாள்களில் ரொட்டி, பழம் கையோடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் புட்டி மட்டும் கூடாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சீட்டில்லை. 10 வயதானால் பெரியவர் கட்டணம். பிறந்தநாளைப் பார்த்துப் புறப்படுவோம்.

பெரிய தலையோடு மிக்கி நெருங்கியதும் வீறிட்டழும் குழந்தைகளும் உண்டு. பூங்காவில் தனிக்கட்டணமின்றி அவரைச் சந்திக்கும் இடத்தில், முதல் நாளே தூர நின்று காட்டிப் பார்ப்போம். அழுதால், விருந்துப் பதிவை உரிய நேரத்தில் ரத்து செய்துவிடலாம்.