பிள்ளைப்பேறும் பரம்பரை வியாதியும்

(அம்பத்தூரில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம், பிள்ளையில்லாதவர்களுக்குச் செய்யப்படும் வைத்தியமும், அதனால் பிறக்கும் குழந்தைகளுக்கு அபூர்வமான பரம்பரை வியாதிகள் வருமா என்ற கேள்வியுமாகும். நாம் வைத்தியர் அல்ல. ஆனால் வைத்தியரிடம் போகுமுன் யோசிக்க வேண்டியது என்ன, போனபின் கேட்க வேண்டியது என்ன என்று சொல்வதற்கு வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. பகுத்தறிவு இருந்தால் போதும் என்றே கருதுகிறோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடி தொழிற்சாலைகளிலும், பூந்தமல்லி பக்கத்துக் கம்பெனிகளிலும் வேலை செய்யும் மக்கள் அனேகர் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஊரை விட்டு வந்தார்களே ஒழிய, ஊர் வழக்கத்தை விட்டு வரவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் போனால் "விசேஷம் உண்டா?" என்று கேட்கிறார்கள். மூன்று வருஷம் போனால் கேட்பதையும் நிறுத்திவிட்டு, வளைகாப்புக்கு அந்தப் பெண்ணை அழைக்காமல் விடுகிறார்கள். பிறகு ஜோசியர் நாகதோஷம் என்கிறார். அரசமரத்தைச் சுற்றச் சொல்கிறார்கள். மண் சோறு தின்னச் சொல்கிறார்கள். இவ்வளவையும் செய்கிறவள் பெண்தான். புருஷன் ஒருநாள் போய் விந்துப் பரிசோதனை செய்து கொண்டானா என்றால் இல்லை. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் விஷயத்தில் குறை ஆணிடத்தில் மட்டுமோ அல்லது இருவரிடத்திலுமோ இருக்கிறது என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. அப்படியிருக்க, "மலடி" என்ற சொல் வாய்க்கு வாய் வழங்குகிறதே, "மலடன்" என்ற சொல் எந்த வீட்டிலாவது வழங்குகிறதா?

தோழர்களே! வரம் கேட்டுக் கிடைக்காததை அறிவு கொடுத்தது. 1978-ம் வருஷம் ஜூலை மாதம் இங்கிலாந்தில், உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதல் குழந்தை பிறந்தது. அதே வருஷம் அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாய் அவ்வாறே ஒரு பெண் குழந்தையைப் பிறப்பித்தார். சர்க்கார் அமைத்த கமிட்டி அவர் சொன்னதை ஏற்கவில்லை. மனமுடைந்து 1981-ல் தற்கொலை செய்து கொண்டார். அறிவாளியை நம்பாமல் கொன்றுவிட்டுப் பிறகு கொண்டாடுவது இந்நாட்டு வழக்கம். சென்னையில் 1990-ம் வருஷம் டாக்டர் கமலா செல்வராஜ் அவர்களின் முயற்சியால் தென்னாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. இன்றோ இந்த வைத்தியம் செய்யும் ஸ்தாபனங்களின் விளம்பரப் பலகைகள் பெரிய ரஸ்தாக்களிலெல்லாம் தொங்குகின்றன.

இது சந்தோஷப்படத் தக்கதே. ஆனால் கோயிலில் கூப்பிய கையை அப்படியே கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலும் கூப்பினால் பிரயோஜனம் என்ன? சாமியிடம் கேள்வி கேட்காத பழக்கம் டாக்டரிடமும் கேட்க விடுவதில்லை. நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தை எடுத்து, லட்சக்கணக்கில் கட்டுகிறவர்கள், "எங்கள் இருவர் குடும்பத்திலும் இன்ன வியாதி இருந்திருக்கிறது, அது குழந்தைக்கு வருமா?" என்று கேட்பதில்லை. கேட்டால் குடும்ப மானம் போய்விடுமாம்!

பரம்பரை வியாதி எப்படி வருகிறதென்பதைத் தொழிலாளத் தோழர்களுக்குப் புரியும்படி சொல்லுகிறோம். ஒரு சாமானைக் கடைந்தெடுக்க வரைபடம் வேண்டும். நம் உடம்பின் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்று தாய் கொடுத்தது, மற்றொன்று தகப்பன் கொடுத்தது. ஒன்றில் பிழையிருந்தாலும் பெரும்பாலும் மற்றதைக் கொண்டு வேலை நடந்துவிடும். அந்த ஆளுக்கு ஒரு நோயும் தெரியாது. ஆனால் அதே பிழையுள்ளவர் இருவர் சேர்ந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, இரண்டு வரைபடமும் பிழையான குழந்தை பிறக்க இடமுண்டு. தாலசீமியா என்னும் இரத்த வியாதியும், தசை நலிந்துபோகும் முதுகுத்தண்டு வியாதியும், பிறவிச் செவிட்டில் ஒரு பகுதியும் இப்படி வருபவையே.

ஒரே பிழை இருவரிடத்தில் எப்படிச் சேர்கிறது? ஒரே தாத்தாவிடமிருந்து இருவருக்கும் வந்தால் எளிதில் சேர்கிறது. அக்காள் மகளைக் கட்டுவதும், மாமன் மகளைக் கட்டுவதும் நமக்கு உரிமையாம்! 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் கட்டிக் கொண்டவர்கள். சொத்து வெளியே போகக் கூடாதென்று கட்டிய கட்டில், வியாதியும் வெளியே போகாமல் தங்கிவிடுகிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறப்பது நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், மாமன் அத்தை மக்களுக்குள் அது இன்னும் இரண்டு மூன்று கூடுகிறது. தாய்மாமனைக் கட்டினால் அதற்கும் மேல். பெரும்பாலான குழந்தைகள் சுகமாகவே பிறக்கின்றன. ஆனால் வியாதியோடு பிறந்த குழந்தையின் தாய்க்கு நூற்றுக் கணக்கு ஆறுதல் ஆகுமா?

"நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லை, ஜாதிக்குள் மட்டும்தான்" என்பவர்களும் யோசிக்க வேண்டும். பல நூறு வருஷம் ஒரு வேலிக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்தால் எல்லோரும் தூரத்துச் சொந்தமே. ஆந்திர வைசிய வகுப்பாரில் சிலருக்கு, அறுவைக்கு முன் கொடுக்கும் ஒருவகை மருந்து சீக்கிரம் தெளியாமல் மூச்சுத் தசைகள் வெகுநேரம் செயலற்றுப் போகின்றன. மருந்தை முறிக்கும் சத்து அவர்கள் இரத்தத்தில் பரம்பரையாகக் குறைந்ததே காரணம். ஜாதி, மனிதனுடைய மானத்தை மட்டுமல்ல, இரத்தத்தையும் விட்டு வைக்கவில்லை.

சரி, சோதனைக் குழாய் வைத்தியம் இப்பிழையைப் போக்குமா? போக்காது. முட்டையும் விந்தும் வெளியில் சேர்ந்தாலும் வரைபடம் அதேதான். அன்றியும் சில புதிய விஷயங்களும் உண்டு. 1992 முதல், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை வந்தது. ஆணின் குறைக்கு இது பெரிய உதவி. ஆனால் அக்குறை தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் மரபணுத் துண்டில் இருந்தால், பிறக்கும் மகனுக்கும் அதே மலட்டுத்தன்மை போய்ச் சேரும். பெக்வித்-வீடமன் என்றொரு அபூர்வ வியாதி, பருத்த உடலும் பெரிய நாக்குமாகக் குழந்தை பிறப்பது, இயற்கையில் சுமார் பத்தாயிரத்துக்கு ஒன்று. இவ்வைத்தியத்தில் அது சில மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. அப்போதும் ஆயிரக்கணக்கில் ஒன்றுதான். ஆகவே பயந்து ஓடவும் வேண்டாம், கண்ணை மூடிக் கொள்ளவும் வேண்டாம்.

பிறர் விந்தோ முட்டையோ வாங்கும்போது நம்மவர்கள் முதலில் எதைக் கேட்கிறார்கள்? நிறத்தையும் ஜாதியையும்! வியாதியைக் கேட்பவர் எத்தனை பேர்? டென்மார்க் தேசத்து விந்து வங்கி ஒன்றுக்கு ஆரோக்கியமான ஒருவர் கொடுத்த விந்தில் புற்றுநோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுப் பிழை ஒளிந்திருந்தது. 2025 மே மாதம் வெளியான கணக்கில், ஐரோப்பாவின் எட்டு தேசங்களில் அவருக்குப் பிறந்த 67 குழந்தைகளில் 10 பேருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. பின்னர் அவருக்குப் பிறந்தவர்களின் எண்ணிக்கை இன்னும் ஏறிற்று. நம் நாட்டில் 2021-ம் வருஷத்துச் சட்டம் ஒருவர் கொடுத்ததை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாதென்று தடுக்கிறது. இது நல்ல சட்டம். அதே சட்டம், வைத்தியத்தின் நன்மை, தீமை, செலவு, ஆபத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே தம்பதிக்கு விளக்க வேண்டுமென்றும் கட்டளையிடுகிறது. ஆகவே கேட்பது உங்கள் உரிமை. டாக்டர் போடும் பிச்சையல்ல.

வியாதி இன்னதென்று முன்பே தெரிந்தால், கருவிலிருந்து சில செல்களை எடுத்துப் பார்த்து, அவ்வியாதியில்லாத கருவைக் கருப்பையில் வைக்கும் முறையும் இருக்கிறது. இம்முறையில் 1990-லேயே லண்டனில் குழந்தைகள் பிறந்தன. சட்டமும் பரம்பரை வியாதிக்காக இதை அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று பொறுக்குவதைத் தண்டிக்கிறது. ஆனால் எந்தப் பிழையைத் தேடுவதென்று தெரிய வேண்டுமே! அதற்குத் தாய் தகப்பன் இருவரும் முன்னதாக இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இறந்துபோன குழந்தைகளையும், வீட்டுக்குள் மறைத்து வைத்த உறவினரையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தசை வியாதிக்குப் பிற்பாடு போடும் ஒரு ஊசியின் விலை 2021-ல் சுமார் 16 கோடி ரூபாயாக இருந்தது என்பதையும், அதற்காகத் தமிழ்நாட்டில் பெற்றோர் ஊரெல்லாம் கையேந்தியதையும் நினைத்துப் பாருங்கள்.

குறையோடு பிறந்தவர்களை இழிவுபடுத்த இவ்வளவும் பேசவில்லை. பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளை யாருடைய பாவத்தின் பலனுமல்ல. நம்மெல்லோரையும் போல மானமும் உரிமையும் உள்ள மனித ஜீவன். பெற்றவள் செய்த கர்மம் என்று சொல்லும் வாய்தான் உண்மையில் ஊனமுள்ள வாய்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்டுக் கொள்வது இவ்வளவே. பிள்ளையில்லையென்றால் முதலில் புருஷன் பரிசோதனைக்குப் போகட்டும். பணம் கட்டுமுன் இருவரும் பரம்பரையைச் சொல்லி, பரிசோதித்துக் கொள்ளட்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு இரத்தத்தைப் பார்க்கட்டும். சொந்தத்தையும் ஜாதியையும் தாண்டிப் பிள்ளைகள் தாங்களே துணை தேடிக் கொள்ள விடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு பிள்ளையே இல்லாமல் இருந்தாலும் ஒரு பெண் பெண்தான், மனுஷிதான். அவளை வளைகாப்புக்கு அழையுங்கள் என்று கேட்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.