விரல் இடுக்கில் ஒரு சிறு வெடிப்பு

(உதவியாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நம் ஆண்டவர் சீஷர்களுடைய கால்களைக் கழுவித் துடைத்தார் என்று யோவான் 13-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கழுவியதோடு விடாமல் துடைத்தார் என்பதையும் கவனியுங்கள். கால் நோயாளிகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் அதுவே.

நாற்று நடும் நாட்களில் சேற்றுப்புண்ணோடு வருகிறவர்கள் அநேகர். ஈரத்தில் வளரும் பூஞ்சைக் கிருமியே பெரும்பாலும் காரணம். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே தோல் வெளுத்து ஊறிப்போகும். அரிக்கும், நாறும், வெடிக்கும். "சேற்றுப்புண்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் சர்க்கரை நோயாளிக்கும் யானைக்கால் நோயாளிக்கும் அந்த வெடிப்பே வாசல். அதன் வழியாய் வேறு கிருமிகள் நுழைந்தால் கால் சிவந்து வீங்கி, குளிர்காய்ச்சல் வரும். இப்படி அடிக்கடி வந்தால் யானைக்கால் வீக்கம் கூடிக்கொண்டே போகும். சர்க்கரை நோயாளி காலையே இழக்க நேரிடலாம்.

வைத்தியமோ எளியது. சோப்பு போட்டுக் கழுவி, இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, க்ளோட்ரிமசோல் களிம்பைத் தினம் இருவேளை பூச வேண்டும். அரிப்பு நின்றபின்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாக வாங்கிப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ வளரும். ஒருவர் துண்டை மற்றவர் உபயோகிக்கலாகாது. ஈரச் செருப்பைக் காயவைத்தே போட வேண்டும்.

ஒரு சோப்பு, ஒரு துண்டு, ஒரு களிம்புக் குழாய். உங்கள் காணிக்கையைச் சிறியதென்று எண்ணாதிருங்கள். கூலிக்காரத் தாய் ஒருத்தி தன் காலால் வயலுக்கு நடந்து போக இவையே போதும். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.