தள்ளுபடியான மனுவும் தைத்த துணியும்



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த அம்மையார் தம் ஊர்ப் பெண்களுக்குப் பல ஆண்டுகள் தையல் கற்பித்தவர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். அதைப் படித்ததும் பேசுபொருள் முடிவாகிவிட்டது. ஒட்டுத்துணித் தையல் அரசியல் பேசிய கதையை இன்று சொல்லப் போகிறேன்.

இதற்கு உலகில் பல சான்றுகள் உண்டு. 1966இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள முனைந்ததற்காகக் குடியிருந்த நிலத்தை விட்டு விரட்டப்படும் நிலையில் கறுப்பினக் குடும்பங்கள் இருந்தன. அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஒட்டுப்போர்வை தைக்கும் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். 1987 அக்டோபர் 11 அன்று, எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயர் தாங்கிய 1,920 துணிப் பலகங்களை வாஷிங்டன் நகரின் பெருந்திடலில் விரித்தார்கள். ஒவ்வொரு பலகமும் 3 அடிக்கு 6 அடி. ஒரு சவக்குழியின் அளவு. இரண்டுமே தனித்தனிச் சொற்பொழிவுக்கு உரியவை. எனக்குத் தரப்பட்டிருக்கும் நேரத்தில் ஒரே நாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: தென் அமெரிக்காவின் சிலி.

1973 செப்டம்பர் 11 அன்று சிலியின் இராணுவம், மக்கள் தேர்ந்தெடுத்த சல்வடோர் அலெண்டேயின் அரசைக் கவிழ்த்தது. தளபதி பினோசேயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், உழவர்கள், கட்சித் தொண்டர்கள் என்று ஆயிரக்கணக்கானோரை வீட்டிலும் தெருவிலும் பிடித்துச் சென்றார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. மனைவியரும் தாய்மாரும் சிறைச்சாலை, மருத்துவமனை, பிணவறை என்று அலைந்தார்கள். அப்படி ஒருவரைக் கைது செய்யவே இல்லை என்பதுதான் அதிகாரிகளின் பதில். ஆட்கொணர்வு மனுக்கள் ஆயிரக்கணக்கில் தாக்கலாயின. நீதிமன்றங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தன. இந்தத் தள்ளுபடியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லவந்தது முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

1973 அக்டோபரில் தேவாலயங்கள் சேர்ந்து ஓர் அமைதிக் குழுவை அமைத்தன. மனு எழுதித்தந்ததும் கஞ்சி ஊற்றியதும் அந்தக் குழுதான். அங்கே வந்த பெண்களின் வீட்டில் சம்பாதித்த ஆள் இல்லை. அடுப்பெரிய வழியும் இல்லை. 1974இல் குழுவின் பணியாளர் ஒருவர் அவர்களை உட்காரவைத்துத் தைக்கச் சொன்னார். விற்றால் நாலு காசு வரும் என்பதே முதல் நோக்கம். கோணித்துணியில் வண்ண நூலால் படம் தைப்பது அந்த நாட்டுக்குப் புதிதன்று. நாட்டார் பாடகி வியோலெட்டா பார்ரா தைத்தவை 1964இலேயே பாரிஸ் நகரின் லூவர் மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டவை. கோணிக்கு ஸ்பானிய மொழியில் அர்பியேரா என்று பெயர். அதன்மேல் தைத்த படத்துக்கும் அந்தப் பெயரே வழங்கியது.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மாவு மூட்டைச் சாக்கை வெட்டி எடுத்த ஒரு துண்டு. இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கும் அளவு. மேல் விளிம்பில் மலைத்தொடர், அதற்கும் மேலே சூரியன். சாந்தியாகோ நகரில் நின்று கிழக்கே பார்த்தால் ஆண்டீஸ் மலை தெரியும். ஆகவே மலையைத் தைத்தாலே ஊரைச் சொன்னதாகிவிடும். அதன் கீழே பழைய சட்டை, பாவாடைத் துண்டுகளால் ஆன வீடுகள். வீடுகளுக்கு முன்னால் விரல் நீளப் பொம்மைகள். உள்ளே கந்தல் திணித்து, கம்பளி நூலால் தலைமயிர் வைத்தவை. துணியின் பரப்பை விட்டு அவை புடைத்துக்கொண்டு நிற்கும். சுற்றிலும் கம்பளி நூலால் குரோஷா பின்னல். பின்பக்கம் சில துணிகளில் ஒரு சிறு பை இருக்கும். அதற்குள் மடித்த தாளில், என்ன நடந்தது என்று தைத்தவர் எழுதிய நாலு வரி. காணாமல் போன மகனின் சட்டையையே வெட்டித் தைத்த தாய்மாரும் உண்டு.

பொம்மைகள் என்ன செய்துகொண்டிருந்தன? கூட்டுக் கஞ்சித்தொட்டியின் முன் வரிசையில் நின்றன. பூட்டிய ஆலை வாசலில் வேலை கேட்டு நின்றன. குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருந்தன. ‘அவர்கள் எங்கே?’ என்று எழுதிய பதாகையை ஏந்தி நீதிமன்றத்தின் முன் நின்றன. 1979இல் பெண்கள் பழைய நாடாளுமன்றக் கட்டட வேலியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டபோது அந்தச் சங்கிலியும் துணியில் ஏறியது.

லொன்கென் என்ற இடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1973 அக்டோபரில் இஸ்லா தெ மைப்போ என்ற ஊரில் 15 ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஐந்து ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை. 1978இன் இறுதியில், பக்கத்து லொன்கெனில் கைவிடப்பட்ட சுண்ணாம்புச் சூளைகளுக்குள் அவர்களது எச்சங்கள் கிடைத்தன. காணாமல் போனவர்கள் வெளிநாட்டுக்கு ஓடிப்போனவர்கள் என்று அரசு சொல்லிவந்தது பொய் என்று அன்று நாட்டுக்கே தெரிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பினோசே தம் ஆட்களுக்குப் பொதுமன்னிப்பு ஆணை பிறப்பித்திருந்தார். கொன்றவர்களை அந்த ஆணையே காப்பாற்றியது. 1979 செப்டம்பரில் குடும்பத்தார் இறுதிச் சடங்குக்காகத் தேவாலயத்தில் காத்திருக்க, அந்த எச்சங்களை அதிகாரிகள் இரகசியமாகப் பொதுக்குழியில் கொட்டிப் புதைத்தார்கள். பிறகு சூளைகளையும் இடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அந்தச் சூளைகள் துணியில் பதிவாகிவிட்டிருந்தன.

இதனால்தான் இந்தத் துணிகளை நான் மனு என்கிறேன். நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்ததை இந்தப் பெண்கள் சாக்குத் துண்டில் தைத்து உலகத்தின் முன் தாக்கல் செய்தார்கள். யார் பிடித்துப் போனார்கள், எங்கே நடந்தது, யார் பார்த்தார்கள் என்று ஒரு மனுவில் இருக்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

பினோசேயின் நெருக்குதலால் அமைதிக் குழு 1975இன் முடிவில் கலைக்கப்பட்டது. சில நாட்களிலேயே, 1976 ஜனவரியில், கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கெஸ் தம் மறைமாவட்டத்தின் நேர்ப்பொறுப்பில் ஒருமைப்பாட்டுப் பணியகத்தைத் தொடங்கினார். கலைக்கச் சொன்னால் திருச்சபையோடு நேருக்கு நேர் மோத வேண்டிவரும் என்பதால் ஆட்சி தயங்கியது. தையல் பட்டறைகளில் பெண்கள் தைத்ததைப் பணியகம் விலைகொடுத்து வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. பெண்கள் கைவேலைதானே என்று தொடக்கத்தில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தார்கள். பொட்டலங்கள் பறிமுதலாயின, அரசு சார்பு ஏடுகள் நாட்டை இழிவுபடுத்துவதாக எழுதின. 1977இல் இந்தத் துணிகளைக் காட்சிப்படுத்திய சாந்தியாகோ கலைக்கூடம் ஒன்றுக்குத் தீ வைத்தார்கள். ஆனாலும் தையல் நிற்கவில்லை.

இங்கே ஒரு கருத்தை மறுக்க வேண்டும். காசுக்காகத் தைத்தவை எப்படி எதிர்ப்புக் கலையாகும் என்று கேட்பவர்கள் உண்டு. எதிர்ப்பை உயர்த்திப் பேசுவதற்காகக் கூலியை மறைப்பவர்களும் உண்டு. இரு சாராரும் அந்தப் பெண்களுக்கு அநீதி செய்கிறார்கள். கணவனைப் பிடித்துச் சென்றதும் பிள்ளைகளைப் பட்டினி போட்டதும் ஒரே ஆட்சி. பிள்ளைக்குப் பால் வாங்கித்தந்த அதே துணி கணவன் எங்கே என்றும் கேட்டது. இதில் எதைப் பிரிப்பது? கூலி வந்ததால்தான் அவர்கள் வாரந்தோறும் கூடினார்கள். கூடியதால்தான், வீட்டுக்குள் ஒருத்தியாக அழுதுகொண்டிருந்தவர்கள் சங்கமானார்கள்.

இன்னொரு குறையும் என்னை உறுத்துகிறது. அச்சம் காரணமாகப் பெரும்பாலான துணிகளில் பெயர் இல்லை. பெயரிடாதது அன்று உயிர் காத்தது. இன்று அருங்காட்சியகச் சீட்டுகளில் ‘தைத்தவர் தெரியவில்லை’ என்று வரும்போது அதை நாம் ஏற்றுக்கொண்டு நகரக் கூடாது. வட அயர்லாந்தில் வாழும் சிலிப் பெண்மணி ரொபெர்ட்டா பாசிச், இந்தத் துணிகளைச் சேகரித்து, அவற்றின் கதைகளைத் தேடிப் பதிந்துவருகிறார். இதை மிகப் பெரிய வரலாற்றுப் பணியாகக் கருதுகிறேன். இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவியரிடம் ஒரு வேண்டுகோள்: எந்த நாட்டுப் பெண்ணின் கைவேலையை ஆய்வுக்கு எடுத்தாலும், முதலில் தைத்தவர் பெயரையும் அவர் பெற்ற கூலியையும் கேளுங்கள். நூல் வகையும் தையல் வகையும் பிறகு வரட்டும்.

1988 அக்டோபர் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், பினோசே தொடர வேண்டாம் என்று சுமார் 56 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2010இல் சாந்தியாகோவில் நினைவு, மனித உரிமைகள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே இந்தத் துணிகளைப் பாதுகாக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தேசியத் திட்டத்தைச் சிலி அரசு 2023 ஆகஸ்டில்தான் அறிவித்தது. கவிழ்ப்பு நடந்து 50 ஆண்டுகள் ஆகவிருந்த நேரம் அது. காணாமல் ஆக்கப்பட்டவர்களும், கொல்லப்பட்டு உடல் கிடைக்காதவர்களுமாக 1,469 பேர். அதுவரை அடையாளம் காணப்பட்டவர்கள் 307 பேர். மீதி 1,162 பேர் எங்கே என்ற கேள்விக்குச் சிலி அரசு அன்றும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.